வாசகர் கேள்வி – பதில்: பெங்களூருவில் வண்டியில்லாமல் கல்லூரிக்கு

கேள்வி: என் மகள் பெங்களூரு ஜெயநகரில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அல்சூரில் என் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கப்போகிறாள். அவர்களிடம் கார் கிடையாது. 17 வயதாகும் மகள் ஸ்கூட்டர் கேட்கிறாள். வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, தருமபுரி

பதில்: இப்போது வேண்டாம். 18 வயது நிறையாமல் அவளுக்கு 50 சி.சி.க்கு மேற்பட்ட ஸ்கூட்டர் ஓட்டும் உரிமம் கிடைக்காது. அதற்கும் மேலாக, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

உங்கள் மகளுக்கு அமைந்திருப்பது இந்நகரில் பல மாணவர்களுக்கு வாய்க்காத வழி. அல்சூரில் ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் ஜெயநகரிலேயே இறங்கிவிடலாம். மாறுவது ஒரே இடத்தில்தான் என்றாலும், காலை நெரிசல் நேரத்தில் மெஜஸ்டிக்கின் படிக்கட்டுகளில்கூட ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பதால், எட்டு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. மெட்ரோவில் மாணவர் சலுகை இல்லை. ஸ்மார்ட் கார்டுக்கு நெரிசல் நேரத்தில் 5 சதவீதமும் மற்ற நேரத்தில் 10 சதவீதமும் தள்ளுபடி மட்டும் உண்டு. 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாயாக உயர்ந்த பிறகு, தினமும் போகவர மெட்ரோவையே நம்புவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் சுமை. மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை, காலையில் மெட்ரோ, அவசரமில்லாத மாலையில் பி.எம்.டி.சி. எனும் மாநகரப் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மாணவர் பாஸுக்குக் கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பித்து, பெங்களூர் ஒன் எனும் அரசு சேவை மையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்று இருந்துவிடாதீர்கள். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கே உரியது. அத்தைக்குக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கொடுக்கும் கண்டக்டர், தருமபுரி முகவரியிட்ட ஆதார் வைத்திருக்கும் உங்கள் மகளிடம் காசு கேட்பார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. ஏறும் முன் "ஹலசூரு ஹோகுத்தா?" (அல்சூர் போகுமா?) என்று கேட்கத் தெரிந்தால் போதும், கன்னடம் தெரியாத பிள்ளைக்கும் சரியான பஸ் கிடைத்துவிடும். இரவாகிவிட்டால் ஆட்டோவுக்குத் தயங்க வேண்டாம். 2025 ஆகஸ்ட் முதல் மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய்.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு பனசங்கரியில் உள்ள கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறேன். சில்க் போர்டு நெரிசலில் முதல் வகுப்பே போய்விடுகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு மாணவர், ஓசூர்

பதில்: உண்டு. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், சில்க் போர்டு சந்திப்பின் சிக்னல்களில் நிற்காமல், மேலே தனிப் பாதையில் செல்கிறது. பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்து மெட்ரோ ஏறுங்கள், ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே பனசங்கரி. பஸ் பொம்மசந்திராவில் நிற்குமா என்பதை மட்டும் ஓசூரிலேயே கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.