குட்டி ரோமம் போகிறது, நீள ரோமம் எப்போது வரும்?

கேள்வி: எட்டு வாரக் குட்டியாக ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீள ரோமப் பூனை என்றுதான் சொன்னார்கள். அப்போது உடம்பு முழுக்கப் புசுபுசுவென்று இருந்தது. இப்போது ஐந்தரை மாதம். முதுகு ரோமம் படிந்து குட்டையாகத் தெரிகிறது, வால் மெலிந்துவிட்டது. வயிற்றிலும் பின்தொடையிலும் மட்டும் முடி தொங்குகிறது. சாம்பல் நிறமாக இருந்த முதுகின் நடுவில் கறுப்பு ஏறுகிறது. தடவினால் கையோடு முடி வருகிறது. சாப்பாட்டிலும் விளையாட்டிலும் குறை ஒன்றும் இல்லை. இது நோயா? அல்லது எங்களை ஏமாற்றிவிட்டார்களா? ஒருமுறை மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: மொட்டை அடிக்க வேண்டாம். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், ஆனால் கத்தரியோ கிளிப்பரோ கையில் எடுத்திருந்தால் முதலில் கீழே வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்தது, சாப்பாட்டிலும் விளையாட்டிலும் குறை இல்லை என்ற வரி. நன்றாகத் தின்று, ஓடியாடி, எடையும் கூடிக்கொண்டு, ரோமம் மட்டும் அலங்கோலமாக இருக்கும் ஐந்தரை மாதக் குட்டிக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இருக்காது. அதன் வயது அப்படி. குட்டி ரோமம் கழன்று பெரிய பூனையின் ரோமம் முளைக்கிற இடைக்காலம் இது. நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பொதுவாகத் தொடங்கும். நீள ரோமப் பூனைகளில் இது கண்ணில் உறுத்துகிற அளவுக்குத் தெரியும். பழசு போன இடத்தில் புதுசு வந்துவிடுகிறது, ஆனால் அது நீளமாவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பூனை பார்க்கச் சற்றுப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

எட்டு வாரத்தில் நீங்கள் பார்த்த அந்தப் புசுபுசுப்பு, நீள ரோமம் அல்ல. பிறந்த குட்டிகளுக்கு, எந்த வகையானாலும், குட்டையான மெல்லிய ரோமம்தான் இருக்கும். சில வாரங்களில் அது கொஞ்சம் வளர்ந்து, படியாமல் எழும்பி நிற்கும். உடம்பும் சின்னது என்பதால் பந்து போலத் தெரியும். வளர்ந்த பூனையின் ரோமத்தில் மூன்று தரம் உண்டு. வெளியே நீளமும் விறைப்பும் கொண்ட காப்பு முடி, அதற்குக் கீழே நடுத்தர முடி, தோலை ஒட்டிப் பஞ்சு போன்ற அடிரோமம். பெரிய பூனையின் தோலில் ஒரே துளை வழியாகப் பல முடிகள் கொத்தாக வெளியே வரும். குட்டியிடம் இந்த ஏற்பாடு இன்னும் முழுமை அடைந்திருக்காது. அடர்த்தி வயதோடுதான் வரும் என்று சொல்வது இதனால்தான். புது ரோமம் பெரும்பாலும் முதுகுத்தண்டு வழியாகவும் வாலிலும் முதலில் தலைகாட்டும். பளபளப்பாக, சற்றுச் சொரசொரப்பாக, படிந்த வாக்கில் இருக்கும். நீங்கள் குறை என்று நினைத்த அந்தப் படிந்த முதுகு, வந்துகொண்டிருக்கும் பெரிய ரோமத்தின் முதல் வரிசை.

ஏமாற்றினார்களா என்று கேட்டீர்கள். ரோம நீளத்தைப் பொறுத்தவரை இல்லை. குட்டை ரோமப் பூனைக்கு வயிற்றிலும் பின்தொடையிலும் முடி தொங்காது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பாருங்கள், காதுக்குள்ளும் பாருங்கள். அங்கே கற்றை கற்றையாக முடி நீட்டிக்கொண்டிருந்தால் பூனை நீள ரோமத்தின் பக்கம்தான். இது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு, முடி ஓரளவு வளர்ந்ததும் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் வேலையைச் செய்கிறது. அந்த மரபணுவின் வேலை செய்யாத வடிவத்தை அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டையும் பெற்ற குட்டிக்கு முடி வளரும் காலம் நீள்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. இரண்டு குட்டை ரோமப் பூனைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு சடைக்குட்டி பிறப்பதும் இதனால்தான். வகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: நீள ரோமம் இருப்பதாலேயே ஒரு பூனை பெர்சியன் ஆகிவிடாது. அப்படிச் சொல்லி விற்றிருந்தால், வம்சாவளிச் சான்று இல்லாமல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. பூனைக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

எப்போது முழுமையாகும்? வால் முதலில் தேறும். எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகளின் வால் விரிந்து நிரம்பிவிடும். தொடை ரோமமும் அதோடு கூடவே கனக்கும். கழுத்தைச் சுற்றி வரும் பிடரிதான் கடைசி. ஒன்றரை, இரண்டு வயது வரைகூட அது கூடிக்கொண்டே போகும். மெய்ன் கூன் போல மெதுவாக வளரும் பெரிய வகைகள் மூன்று, நான்கு வயதில்தான் முழு ரோமத்தைக் காட்டும். கருத்தடை செய்யாத ஆண் பூனைக்குப் பிடரி பெரிதாக வரும். கருத்தடைக்குப் பிறகு சில பூனைகளின் ரோமம் இன்னும் மென்மையாகி, பஞ்சுத்தன்மை கூடி, எளிதாகச் சிக்குப் பிடிக்கும். கருத்தடையைத் தள்ளிப்போட இது ஒரு காரணமே இல்லை, சீப்பைக் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். ரோமம் உதிர்வதைப் பெரிதும் தீர்மானிப்பது பகல் பொழுதின் நீளம். பகல் நீளும்போது கனத்த ரோமம் கழலும், குறையும்போது மறுபடி அடர்த்தியாகும். இரவிலும் விளக்கெரியும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளுக்கு இந்தக் கணக்குக் குழம்பி, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். அதனால் உங்கள் பூனையின் ஒரு வயது வெயில் காலத்தில் வந்தால், அன்றைய தோற்றத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நிறம் மாறுவதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். முதுகில் ரோமத்தை இரண்டு பக்கமும் விலக்கி, ஒரு முடியை வேரிலிருந்து நுனி வரை பாருங்கள். வேர்ப் பக்கம் கறுப்பு, நுனி மட்டும் சாம்பல் அல்லது வெள்ளி என்றால், அது பெரும்பாலும் காய்ச்சல் ரோமம் எனப்படுவது. தாய்ப்பூனை சினையாக இருந்தபோது காய்ச்சலோ கடுமையான அழுத்தமோ வந்தால், வயிற்றிலிருக்கும் குட்டியின் முடியில் நிறம் சரியாக ஏறாமல் போகும். பெயர்தான் அப்படி, குட்டிக்குக் காய்ச்சல் கிடையாது. குட்டி ரோமம் உதிர உதிர உண்மையான நிறம் வெளிப்பட்டு, பொதுவாக ஒரு வயதுக்குள் அடையாளமே தெரியாமல் போய்விடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குட்டிக்கு இதுதான் என்று தோன்றுகிறது. நேர்மாறாக, வேர் வெள்ளையும் நுனி கறுப்புமாக இருந்தால், அது புகை நிறம் எனப்படும் பிறவி நிறம். அது நிலைத்துவிடும், ரோமம் நீளமாக ஆக ஆக இன்னும் எடுப்பாகத் தெரியும்.

கறுப்புக் குட்டிகளின் மேல் மங்கலாகத் தெரியும் வரிகளும் வயதோடு பெரும்பாலும் மறைந்துவிடும். ராக்டால், ஹிமாலயன் போன்ற பூனை வகைகளின் கதை வேறு. அவற்றின் உடலில் நிறம் உண்டாக்கும் நொதி, குளிர்ச்சியான இடத்தில் மட்டுமே வேலை செய்யும். கருப்பையின் கதகதப்பில் வளர்ந்த குட்டி வெள்ளையாகப் பிறந்து, பிறகு காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை கருக்கும். வயதாக ஆக உடம்பின் நிறமும் மெல்லக் கருக்கும். ஆரஞ்சு நிறப் பூனையின் மூக்கிலும் உதட்டிலும் ஒரு வயதுக்கு மேல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் பதற வேண்டாம், தட்டையாக இருக்கும் வரை அவை மச்சம் போன்றவை. ஆனால் நன்கு கறுத்த பூனை செம்பட்டையாக மாறினால் யோசிக்க வேண்டும். வெயில் காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் கறுப்பு நிறமிக்கு மூலப்பொருளான டைரோசின் என்ற அமினோ அமிலம் உணவில் போதாமல் இருக்கலாம்.

இனி சீப்பு. இந்த மாதங்களில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை இதுதான். குட்டை ரோமப் பூனைக்குச் செத்த முடி தானாகக் கீழே விழுந்துவிடும். உங்கள் பூனைக்கு அது நீண்டுவரும் புது முடியில் மாட்டிக்கொள்ளும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் அக்குளில், காதுக்குப் பின்னால், தொடையிடுக்கில், வயிற்றில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சிக்காகும், சிக்கு சடையாகும். சடை தோலை ஒவ்வொரு அசைவிலும் இழுத்து வலிக்க வைக்கும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகவும் செய்யும். அகலப் பல் உலோகச் சீப்பு ஒன்று, நெருக்கப் பல் சீப்பு ஒன்று, இரண்டும் போதும். மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த ஸ்லிக்கர் பிரஷ் பயன்படுத்தினால் கை பூப்போல இருக்கட்டும், அதன் கம்பிகள் தோலைக் கீறும். பிளேடு வைத்த உதிர்முடி எடுக்கும் கருவிகளை நான் இந்த வயதில் பரிந்துரைப்பதில்லை. அழுத்திப் பிடித்தால் இப்போதுதான் வளரும் காப்பு முடியையும் அறுத்துவிடும்.

தினமும் இரண்டு, மூன்று நிமிடம் போதும். பூனை கிறங்கிப் படுத்திருக்கும் நேரத்தில் கன்னத்திலும் முதுகிலும் தொடங்குங்கள், வயிற்றைக் கடைசியில் வையுங்கள். வால் சடசடவென்று அடிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், பிடிவாதம் பிடித்தால் மறுநாள் சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். முடித்ததும் அதற்குப் பிடித்த ஒரு துணுக்கு கொடுங்கள். சின்னச் சிக்கை விரலால் பிரித்து, அடியில் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். கத்தரிக்கோல் கூடவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரம் போல மேலே வந்துவிடும், முடியென்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். சடையை எடுக்காமல் குளிப்பாட்டினால் அது இறுகிக் கெட்டியாகும். பிரியாத சடையை மருத்துவரிடமோ அனுபவமுள்ள பராமரிப்பாளரிடமோ விட்டுவிடுங்கள், அவர்கள் கிளிப்பரால் அந்த இடத்தை மட்டும் எடுப்பார்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாகும் என்பதில் உண்மை இல்லை. முடி எத்தனை முளைக்கும் என்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால்களின் கணக்கு, வெளியே இருக்கும் முடியை வழிப்பதால் அது அதிகரிக்காது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படும், அந்த உணர்வில் பிறந்த நம்பிக்கை இது. கிடைப்பது என்னவோ தோல் எரிச்சலும் வெயிலும் குளிரும்தான், வளர்வதற்கு இன்னும் பல மாதக் காத்திருப்பும்.

உதிர்வது இயல்பா என்று அறிய ஒரே கேள்வி கேளுங்கள்: தோல் தெரிகிறதா? எவ்வளவு முடி கையோடு வந்தாலும் எங்கும் வெறும் தோல் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி சற்று மெலிந்திருப்பது எல்லாப் பூனைக்கும் உண்டு. ஆனால் வட்டமாக வழுக்கை, ஓரத்தில் செதில், ஒடிந்த கட்டை முடிகள் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். குட்டிகளுக்கும் நீள ரோமப் பூனைகளுக்கும் இந்தப் பூஞ்சைத் தொற்று அதிகம் வரும், மனிதர்களுக்கும் ஒட்டும். வீட்டில் யாருக்காவது தோலில் வட்டத் தடிப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓயாமல் சொறிந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதில் இருப்பது பூனையின் இரத்தம். அவசரத்துக்கு நாய் மருந்தை எடுத்துப் போடாதீர்கள். நாய்களுக்கான பல தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். ரோமம் மங்கி, எண்ணெய்ப் பசையாகி, கூடவே எடையும் குறைந்தாலோ வயிறு கெட்டாலோ, மலப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும் தேவைப்படலாம்.

உணவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம், அதனால் ஒரு வயது வரை, பெரிய வகைகளுக்கு ஒன்றரை வயது வரை, குட்டிகளுக்கான முழுச் சத்துணவு கொடுங்கள். அது சரியாக இருந்தால் மேற்கொண்டு எண்ணெய், மாத்திரை எதுவும் தேவையில்லை. ரோமத்தின் மேல் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், பூனை அதை நக்கித்தான் தீர்க்கும். தேயிலை மர எண்ணெய் போன்றவை பூனைக்கு நஞ்சு.

நக்கும்போது முடியும் உள்ளே போகும் என்பதால் எப்போதாவது ஒரு முடியுருண்டையைக் கக்கலாம். அடிக்கடி கக்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றும் வெளியே வராமல் திரும்பத் திரும்பக் குமட்டி, சாப்பிடவும் மறுத்தால் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள், குடலில் முடி அடைத்திருக்கலாம்.