போக்கர் தொடரின் இறுதி மேசையில் ஆட்டத்தை மேம்படுத்துவது எப்படி?

கடைசியாக எஞ்சிய சிலர் மட்டும் மோதும் இறுதி மேசையில், பந்தயம் வைக்கும் சிப்புக்கும் (வில்லைக்கும்) பரிசுப் பணத்துக்கும் நேர் விகிதம் கிடையாது. 2023 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஒன்பதாம் இடத்துக்கே 9 லட்சம் டாலர். எல்லாச் சிப்பையும் வாரிய வெற்றியாளருக்கு 1 கோடியே 21 லட்சம். பரிசு பலருக்கும் பங்கிடப்படுவதால், வெல்லும் சிப்பைவிட இழக்கும் சிப்புக்கே மதிப்பு அதிகம்.

உங்களிடம் நடுத்தர அளவு சிப்புக் குவியல் இருக்கிறது என்று வையுங்கள். பத்து பிக் பிளைண்டுக்கும் (சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) குறைவாக வைத்துக்கொண்டு இருவர் தத்தளிக்கிறார்கள்; உங்களுக்கு முன் அவர்கள் வெளியேறினால் உங்கள் பரிசு உயரும். அப்போது பெரிய குவியல்காரர் ஆல்-இன் போட்டால் (சிப்பு முழுவதையும் பந்தயம் வைத்தால்), கையில் ஏஸ்-குயீன் போன்ற நல்ல சீட்டு இருந்தாலும் பெரும்பாலும் மடக்கிவிடுவதே (அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடுவதே) சரி. மனம் கேட்காதுதான்! அதே சீட்டோடு சிறு குவியல்காரரின் ஆல்-இன்னைத் தாராளமாக ஏற்கலாம்; தோற்றாலும் நீங்கள் வெளியேற மாட்டீர்கள்.

பெரிய குவியல் உங்களுடையதா? நடுத்தரக்காரர்களை விடாமல் நெருக்குங்கள். சிறு குவியலா? கரைந்துபோகக் காத்திராமல், முன்னால் இருப்பவர்கள் மடக்கியதும் நீங்களே முந்தி ஆல்-இன் போடுங்கள்.