பாறையில் மூன்று விதமாகத் தெரியும் கள்ளிமுளையான்

கேள்வி: ஆயக்குடிப் பக்கம், பழனி மலை அடிவாரத்தில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறோம் ஐயா. ஓரத்துப் பாறையில் கள்ளிமுளையான் என்ற இலையில்லாத சதைத்தண்டுச் செடி நிறைய இருக்கிறது. வெயிலில் இருப்பது குட்டையாகச் சிவந்திருக்கிறது. கிளுவை வேலிக்குள் இருப்பது பச்சையாக முழ நீளம் வளர்ந்திருக்கிறது. இன்னொன்று கட்டைவிரலைவிடத் தடிமன். எல்லாம் ஒன்றுதானா? துவையலுக்குப் பறிக்கலாமா? வியாபாரி ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார்.

பதில்: முதல் இரண்டும் ஒரே செடியாகத்தான் இருக்க வேண்டும். வெயிலும் வறட்சியும் தண்டைச் சுருக்கிச் சிவக்க வைக்கும். புதர் நிழல் நீட்டி வளர்க்கும். சந்தேகம் இருந்தால் வேலிக்குள் இருக்கும் தண்டில் ஒன்றை வெட்டிப் பாறையோரம் நட்டுப் பாருங்கள். கோடையில் அதுவும் சிவந்துவிடும்.

தடிமனை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பூவைப் பாருங்கள். கள்ளிமுளையானின் தண்டு நான்கு பட்டையாக ஏறி, நுனியில் எலிவால் போலச் சிறுத்துவிடும். அந்தச் சிறுத்த பகுதியில்தான் பூக்கள் தனித்தனியாகத் தொங்கும். சில செடிகளில் இதழ் ஓரத்தில் ஊதா மயிர்கள் இருக்கும். லேசான காற்றுக்கே அவை நடுங்கும். மயிர் இல்லாததும் உண்டு. அது இனத்துக்குள் இருக்கும் வேறுபாடுதான், பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் தடித்த செடியின் நுனி மழுங்கலாக இருந்து, கருஞ்சிவப்புப் பூக்கள் பந்தாகத் திரண்டு ஈ மொய்த்தால், அது காரலூமா அம்பெல்லேட்டா என்ற வேறு இனம். நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும்.

பறிக்கும்போது தண்டைக் கிள்ளிப் பாருங்கள். கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் வரும், முள்ளும் இருக்காது. வெள்ளைப் பால் வடிந்தால் அது சதுரக்கள்ளிக் கன்று. வாயில் வைக்கக் கூடாது, கையைக் கழுவாமல் கண்ணையும் தொடக் கூடாது. துவையலுக்கு எலிவால் நுனி உள்ளதன் இளந்தண்டு போதும். பட்டையோர நாரைச் சீவிவிடுங்கள்.

வியாபாரி கேட்பதில் ஆச்சரியமில்லை. இதன் சாறு பசியடக்கும் மாத்திரைக்குப் போகிறது. ஆனால் பாறையில் இருப்பதை வேரோடு கொடுத்துவிட்டால் அப்புறம் விற்க ஒன்றும் மிஞ்சாது. இரட்டைக் கொம்பாக நிற்கும் காய்கள் வெடித்துப் பஞ்சு விதை பறக்கும்வரை அந்தத் தண்டுகளை விட்டுவையுங்கள். வனத்துறை எல்லைக்குள் இருப்பதை அனுமதியில்லாமல் தொடவே வேண்டாம்.

விற்பனைதான் நோக்கம் என்றால் நீங்களே நடலாம். சாண் நீளத் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு வைத்து, மணலும் சரளையும் கலந்த மேட்டில் ஊன்றுங்கள். கொய்யாவுக்குப் பாயும் தண்ணீர் அங்கே வரக் கூடாது; இரண்டு நாள் தேங்கினாலே அடி அழுகிவிடும்.