லீவர் போட்டால் போதுமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது தாய்லாந்தில் செய்த 2012 டபுள் கெப். போன மழைக்குக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்துக்குள் ஓட்டினேன். அன்றிலிருந்து ஃபோர் வீல் டயலைத் திருப்பினால் லைட் மினுக்குகிறது, ஃபோர் வீல் மட்டும் விழுவதில்லை. இழுவையை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி இதில் மோட்டரால் மாறுகிறது; அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கையால் மாற்றுகிற லீவர் பெட்டி ஒன்றைக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போடலாம் என்கிறார்கள் கராஜில். யூடியூபில் அமெரிக்கர்கள் ஒரே நாளில் மாற்றுகிறார்கள். செய்யட்டுமா?
- வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: செய்யலாம் தம்பி, ஆனால் காசை எடுக்க முதல் வண்டிக்கு அடியில் ஒருதரம் படுத்துப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் உள்ளங்கை அளவில் ஒரு மோட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ப்ளக்கைக் கழற்றினால் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கும், வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் அநேகமாக இதுதான் கதை. மோட்டரையும் கழற்றினால் ஒரு சின்னத் தண்டு தெரியும், இருந்த நிலையைப் பெயின்டால் குறித்துக்கொண்டு ஸ்பானரால் மெல்லத் திருப்புங்கள். டக் டக்கென்று ஒவ்வொரு நிலையாக விழுந்தால் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மோட்டரோ வயரோதான் செத்திருக்கிறது. ஒயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

அமெரிக்கர்கள் கதை வேறு. அங்கே விற்ற ஃபோர்ட் ரேஞ்சரில் போர்க்வோர்னர் 1354 என்ற ஒரே பெட்டி மோட்டரோடும் வந்தது, லீவரோடும் வந்தது, அதனால் அவர்களுக்குச் சுகம். நம் ஊரில் ஓடுகிற தாய்லாந்து ரேஞ்சர் அதே பெயர் வைத்த வேறு வண்டி. உங்களுக்கு வேண்டியது உங்கள் மொடலிலேயே லீவரோடு வந்த பெட்டி, இல்லாவிட்டால் கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பல்லின் எண்ணிக்கை, போல்ட் துளைகள், முன் சக்கரத்துக்கு ஓடும் முன் ஷாஃப்ட் இறங்கும் பக்கம், பின் ஷாஃப்ட்டின் நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

சரி, ஒத்துப்போகிறது என்றே வைப்போம். எல்லாரும் மறப்பது முன் அச்சை. டூ வீலில் ஓடும்போது முன் அச்சு ஒரு பக்கம் விடுபட்டிருக்கும்படி செய்த வண்டிகளில், அதைப் பூட்டுவதற்குச் சிலவற்றில் வெக்யூம், சிலவற்றில் இன்னொரு குட்டி மோட்டர். அந்த வேலைக்கு உத்தரவு கொடுத்தது நீங்கள் கழற்றப்போகிற டயலும் அதன் கொம்பியூட்டரும்தான். லீவர் பெட்டியில் இருக்கும் சின்னச் சுவிட்சிலிருந்து அதற்கு வயர் இழுக்காவிட்டால் லீவர் ஃபோர் ஹையில் நிற்கும், முன் ஷாஃப்ட் சுற்றும், முன் சக்கரம் இழுக்காது. வாகன இறக்குமதி நின்றிருந்த 2020க்கும் 2025க்கும் இடையில் பழைய கெப்புகளைக் காப்பாற்ற என்னென்னவோ மாற்றினோம், இந்த வயர் இழுக்காத அப்படி ஒன்றை நோர்வூட் பக்கம் தோட்டத்து ரோட்டில் ஏற்றிச் சேற்றில் நட்டுவிட்டு, ட்ராக்டர் வரும்வரை பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். கராஜில் பெட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள், இந்த வயரை யார் இழுப்பார் என்று கேளுங்கள்.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பெட்டியை நிலத்தில் வைத்து லீவரை ஃபோர் லோவில், அதாவது மெதுவாகப் பலமாக இழுக்கும் நிலையில், போட்டுக் கையால் சுற்றுங்கள். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனால் கியர் பொக்ஸ் பக்கத் தண்டு ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்று வர வேண்டும். முன் பக்கத் தண்டை இங்கும் அங்கும் ஆட்டிப் பாருங்கள், நிறைய ஆடினால் செயின் இழுபட்டுவிட்டது, வேண்டாம். ஒயில் ப்ளக்கைத் திறந்து விரலை விடுங்கள். அதில் இரும்புத்தூள் மினுமினுப்பு ஒட்டினால் விலை பேசவே வேண்டாம்.

லீவருக்குத் தரையில் வெட்டும் துளைக்கு ரப்பர் பூட் கேட்டு வாங்குங்கள், அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும். அப்புறம், கழற்றிய பழைய பெட்டியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கராஜில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த கிழமை அதையும் பஞ்சிகாவத்தையில்தான் பார்ப்பீர்கள்.