கரட்டு உச்சியில் பழைய சர்வே குறி: எப்படித் தேடுவது?

கேள்வி: மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பழைய சர்வே வரைபடத்தில் ஊருக்கு அருகிலுள்ள கரட்டின் உச்சியில் ஒரு சிறு முக்கோணமும் ஓர் எண்ணும் போட்டிருக்கிறது. அங்கே கல் ஏதும் இருக்குமா? பாதை இல்லாத முள்ளுக்காடு. மூன்று பேராகப் போக நினைக்கிறோம்.

பதில்: முக்கோணம் என்றால் தேடிப் போகலாம். வெறும் புள்ளியும் எண்ணும் என்றால் அது உயரத்தை மட்டும் சொல்வது. தரையில் தேட ஒன்றும் இருக்காது. ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-ல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவையில், ஓர் உச்சியில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி மற்ற உச்சிகளுக்குக் கோணம் பிடித்தார்கள். கருவி நின்ற இடம் தவறிவிடக் கூடாதென்று பாறையில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் வெட்டுவது வழக்கம். அதன்மேல் கல் அடுக்கியிருக்கலாம், சில இடங்களில் மேடை கட்டியிருக்கலாம். தூணை எதிர்பார்த்துப் போகிறவர்கள் காலடியில் இருக்கும் குறியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

முதலில் அனுமதி. கரடு காப்புக்காடா, புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்து கிடக்கும். அனுமதி கிடைத்தாலும் அந்த மாதங்கள் வேண்டாம். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் சரியான காலம்.

அடுத்து வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. மேலூர் நகரம் பழைய வரைபடத் தாள் எண்ணில் 58 ஜே/8, அழகர்கோவில் 58 ஜே/4. பழைய ஓரங்குல வரைபடமானால் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) உயரம் அடிக் கணக்கில் இருக்கும்; மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில்தான். பழைய வரைபடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எவரெஸ்ட் கோளவுருவில், அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணித உருவத்தில், கணக்கிடப்பட்டவை. உங்கள் போனின் ஜி.பி.எஸ். வேறு கோளவுருவில் இயங்குகிறது. எண்ணை அப்படியே தட்டினால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். எண்ணை நம்பாமல் உச்சியின் வடிவத்தை நம்புங்கள்.

ஏறுவதற்கு ஓடையைப் பிடிக்காதீர்கள். சூரையும் காரையும் கள்ளியும் அங்கேதான் அடர்ந்திருக்கும், பாறை இடுக்குகளில் விரியன் இருக்கும். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும் மலைமுதுகில் ஏறுங்கள். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் ஒற்றையடித் தடத்தையும், பெருந்தேனீ கூடு கட்டியிருக்கும் பாறையையும் சேர்த்தே சொல்வார்கள். முள்ளுக்குள் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். காலை 6 மணிக்குக் கிளம்புங்கள், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், முழுக்கால் சட்டை, கணுக்கால் மூடும் ஷூ. போனில் தடத்தைப் பதிவு செய்துகொண்டே போங்கள். ஏறும்போது முதுகுகள் ஒன்றுகூடும், இறங்கும்போது பிரியும். அதனால்தான் வழி தவறுவது பெரும்பாலும் திரும்பும்போது நடக்கிறது.

உச்சியில் நாலாபுறமும் பார்வை தடையில்லாமல் போகும் பாறையை முதலில் பாருங்கள். அங்கிருந்து சுழன்று சுழன்று வெளியே வாருங்கள். சாய்ந்த காலை வெயிலில் வெட்டின் விளிம்பு நிழல் காட்டும். சந்தேகமான இடத்தில் அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றிச் சற்றுப் பொறுங்கள்: சமதளம் வெளுத்துக் காயும், வெட்டிய வட்டம் ஈரத்தில் கறுத்து நிற்கும். சாக்பீஸ், கம்பித் தூரிகை இரண்டும் கூடாது. பாசியைச் சுரண்டினால் பாறையின் மேல்தோலும் சேர்ந்து போகும். வரிசையாக எண்ணோடு நிற்பவை காட்டின் எல்லைக் கற்கள், அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அடுக்கிய கல்லைப் பிரிக்கவும் வேண்டாம். குறி அதன் அடியில் இருந்தாலும் அந்தக் குவியலே அதற்குக் காவல்.

கிடைத்தால் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், போனைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்திருந்து ஜி.பி.எஸ். எண்ணைக் குறியுங்கள். கிடைக்காவிட்டாலும் 11 மணிக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். அதற்குமேல் பாறை கொதிக்க ஆரம்பிக்கும்.