பணம் கேட்காதீர்கள், பீரோ கேளுங்கள்!

கேள்வி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போன கிராமத்தில், அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு நூலகம் அமைத்துத் தருவதாக நாங்கள் ஐந்து பேர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். 40,000 ரூபாய் வேண்டும். கல்லூரியில் வசூல் செய்ததில் 6,000 கூடத் தேறவில்லை. பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கலாம் என்கிறான் ஒருவன். குலுக்கல் டிக்கெட் போடலாம் என்கிறாள் இன்னொருத்தி. எனக்கு இரண்டிலும் மனசில்லை. நிதி திரட்ட வித்தியாசமான ஐடியா இருந்தால் சொல்லுங்களேன்.
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, ஒரத்தநாடு

பதில்: மனசில்லாமல் போனதே நல்லது. குலுக்கல் டிக்கெட் பேச்சை இன்றோடு விடுங்கள். 2003-லேயே லாட்டரிக்குத் தடை போட்ட மாநிலம் இது. நல்ல காரியம்தானே என்று அச்சடித்து விற்றுவிட்டு, யாராவது புகார் கொடுத்தால் கைகட்டி நிற்கப் போவது உங்கள் திட்ட அலுவலர்தான். உண்டியலுக்கு அனுமதியே வாங்கினாலும், எந்தப் பள்ளி, என்ன நூலகம் என்று தெரியாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் ஐந்தோ பத்தோ போடுவார். நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு அது கட்டுப்படியாகாது.

வித்தியாசமான ஐடியாவும் உங்களுக்குத் தேவையில்லை. கல்விச் சீர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சில வருடங்களாக நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் நடக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோவது போலவே ஊரே மேளதாளத்தோடு பள்ளிக்குக் கிளம்பும். பெண்கள் கையில் தாம்பாளம். தேங்காய், பழத்தோடு நோட்டும் பென்சிலும் அடுக்கியிருக்கும். பின்னால் குட்டி யானை வண்டியில் பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், கடிகாரம். வாசலில் சந்தனம் கொடுத்துத் தலைமையாசிரியர் வரவேற்பார். உங்கள் நூலகத்தை அந்த ஊர்க்காரர்களின் கல்விச் சீராக மாற்றிவிடுங்கள். முகாமில் ஒரு வாரம் தங்கியிருந்தீர்களே, அவர்களிடம் போய்க் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

நாற்பதாயிரம் என்று சொன்னால் கேட்கிறவருக்கு மலைப்பாக இருக்கும். 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்றால் நூறு ரூபாயை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதையே உடைத்து எழுதுங்கள்: இரும்பு ரேக் இரண்டு, பாய் நான்கு, மின்விசிறி ஒன்று, சுவருக்கு வெள்ளை, புத்தகம் இத்தனை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கடையில் விசாரித்த விலை. அந்தத் தாளோடு ஒரத்தநாட்டிலோ பட்டுக்கோட்டையிலோ எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் போய், "அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபேன் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். சும்மா தராவிட்டாலும் அடக்க விலைக்காவது தருவார். பெயிண்டர் ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுப்பார். ரேக்கின் ஓரத்தில் சின்னதாக 'உபயம்' போடலாம். டியூப் லைட் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் போட வேண்டாம்.

உங்கள் பக்கத்து வழக்கம் இன்னொன்றும் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி வந்தால் மொய் விருந்துதான்; ஊரைக் கூப்பிட்டுக் கறிச் சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அதைப் பள்ளிக்காக நடத்தலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். பள்ளிக்கூடம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பிச் செய்யும்? கறிச் சோற்றுச் செலவு வேறு கையைக் கடிக்கும். ஆனால் அந்த மொய் நோட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, இன்னொருவர் பெயர், ஊர், தொகை என்று எழுதுவாரே, அதே முறை. ஐம்பது ரூபாயானாலும் எழுதுங்கள், பொருளாக வந்தாலும் எழுதுங்கள். வாங்குகிறவரும் எழுதுகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

பணத்தை உங்கள் ஜிபே நம்பருக்கு வாங்கவே வாங்காதீர்கள். மெஸ் காசும் நூலகக் காசும் ஒரே கணக்கில் கலந்தால் நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பேச்சு வரும். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் தேவையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்னால் நீட்ட அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டவர் என்றால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. வரிச் சலுகைக்கு ரசீது கேட்பவர்களுக்கும் உங்களால் கொடுக்க முடியாது. பெரிய தொகை, கம்பெனிப் பணம் என்று யாராவது பேசினால், அரசுப் பள்ளிகளுக்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் பக்கம் கைகாட்டிவிடுங்கள்.

கல்லூரிக்குள் செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் ஹாஸ்டலில் ரெக்கார்டு நோட்டும் ஜெராக்ஸ் கட்டுகளும் மலையாகக் குவியுமே, அவற்றை அறை அறையாகச் சேகரித்து எடைக்குப் போடுங்கள். யாரிடமும் கைநீட்ட வேண்டாம், அறையும் சுத்தமாகும். உணவுத் திருவிழா நடத்துவது உங்கள் இஷ்டம். பானிபூரி விற்ற காசில் பாதி சாமான் செலவுக்கே போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

புத்தக விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். 'பழைய புத்தகம் தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் வந்து சேர்வது பத்தாம் வகுப்பு கைடும் குரூப் 4 வினா வங்கியும்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம் உள்ளவையாகக் கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டில் குறைந்த விலைக்கே தமிழில் கிடைக்கும். 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழுக்கு ஒரு வருடச் சந்தா கட்டித்தரச் சொல்லி உங்கள் பேராசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். அப்படியும் யாராவது கைடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மறுக்க வேண்டாம். எடைக்குப் போட்டுப் படக்கதைப் புத்தகம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டே வாங்கி, அந்தத் தொகையையும் அவர் பெயரில் நோட்டில் எழுதிவிடுங்கள்.