மாமியாரை ஏன் வேனில் விட்டீர்கள்?

கேள்வி: கணவரின் அலுவலக நண்பர்களுடைய குடும்பங்களோடு வேன் அமர்த்திக் கொடைக்கானல் சென்றோம். வெள்ளி அருவியில் ஆற அமர நிற்க விடாமல் குழுத் தலைவர் விரட்டினார். என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் முறையாக மலைக்கு வந்த மாமியார், முழங்கால் வலியால் வேனிலேயே இருந்து பைகளைப் பார்த்துக்கொண்டார். குரங்குகளுக்காக ஜன்னல்களை மூடிவிட்டுப் போனோம். அவரால் தொல்லை இல்லை. அடுத்த ஆண்டும் இவர்களோடு போகலாமா? - திண்டுக்கல் வாசகி

பதில்: இருட்டுவதற்குள் அத்தனை குடும்பங்களையும் மலையிலிருந்து இறக்க வேண்டியவர் விரட்டத்தான் செய்வார். அது பிடிக்காவிட்டால் அவர்களோடு போகாதீர்கள். எனக்கு உறுத்துவது 'அவரால் தொல்லை இல்லை' என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரி.

வெள்ளி அருவி காட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. வத்தலகுண்டு சாலையில், ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர் சுமார் 180 அடி உயரத்திலிருந்து சாலையோரத்திலேயே விழுகிறது. கைப்பிடித்து இறக்கி நாலடி நடத்தியிருந்தால் அவர் கண்ணாரப் பார்த்திருப்பார். அப்படியிருக்க முழங்காலைக் காரணம் காட்டுவது எப்படிப் பொருந்தும்? உங்கள் ஸ்வெட்டர்களுக்கும் தின்பண்டப் பொட்டலங்களுக்கும் நடுவே, மூடிய கண்ணாடிக்குப் பின்னால், நீர் விழும் ஓசையைக் கேட்டபடி அந்த அம்மாள் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

கணவர் உங்களுக்காகப் பரிந்து பேசவில்லை என்று குறைப்படுகிறீர்கள். பெற்ற தாயை இறக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? 'நான் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்' என்று மாமியாரே சொன்னதாகச் சொல்வீர்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று அஞ்சும் எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். அதைச் சாக்காக வைத்து நகர்ந்துவிடுவதற்குப் பெயர் கைகழுவுதல். பெரியவர்களை அழைத்துப் போனால், அவர்கள் பார்த்து மகிழும்வரை உடன் நிற்பது மகனுக்கும் மருமகளுக்கும் கடமை. அதில் நான் யாருக்கும் விலக்குத் தர மாட்டேன்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும், கூட்டம் குறைந்த ஒரு வாரநாளில், கார் அமர்த்தி நீங்கள் மூவர் மட்டும் போய் வாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது, முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். மாமியாரை முன் இருக்கையில் அமர வையுங்கள். வழியில் டம்டம் பாறையில் நிறுத்தினால், 975 அடி உயரத் தலையாறு அருவியையும் தொலைவிலிருந்து அவருக்குக் காட்டலாம். மடக்கு நாற்காலி ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி அருவியில் அவர் போதும் என்று சொல்லும்வரை உங்கள் கணவர் பக்கத்திலேயே நிற்கட்டும். எந்த நாள் தோதுப்படும் என்று இன்றைக்கே மாமியாரிடம் கேளுங்கள்.